ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகள் சிட்னியிலோ மெல்பர்னிலோ இருப்பதால் ஆஸ்திரேலியாவைப் பற்றி விசாரிப்பவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். விசா, வீட்டு வாடகை, பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறது. நமக்கு முன்னால் அங்கே யார் யார் போனார்கள், போய் என்ன சாப்பிட்டார்கள், எங்கே தூங்கினார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டால் தமிழில் படிக்க அதிகம் கிடைப்பதில்லை. அதற்காகத்தான் இந்தப் பக்கம். சட்டங்களைப் பற்றிக் கொஞ்சம், சமையலறையையும் வேலைத்தலத்தையும் பற்றி நிறைய.

ஆஸ்திரேலியா என்பதே குடியேறிகளின் நாடு என்கிறார்களே, சரியா?

பாதி சரி. அந்த மண்ணில் பூர்வகுடி மக்கள் குறைந்தது ஐம்பதாயிரம் ஆண்டுகளாக வாழ்கிறார்கள். 1788 ஜனவரியில் பிரிட்டனிலிருந்து 11 கப்பல்கள் வந்து இறங்கியதைத்தான் பலர் தொடக்கம் என்று எழுதுகிறார்கள். அதன் பிறகு 1868 வரை ஏறத்தாழ 1,60,000 கைதிகளை பிரிட்டன் அங்கே அனுப்பியது. 1851-இல் தங்கம் கிடைத்ததும் விக்டோரியா மாகாணத்தின் மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 77,000-லிருந்து ஐந்து லட்சத்தைத் தாண்டியது.

வந்தவர்களையெல்லாம் எண்ணிய நாடு, இருந்தவர்களை எண்ணவில்லை. மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. 1967-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு கிடைத்த பிறகுதான் அது நீங்கியது. கீழே வரும் குடியேற்றக் கதைகள் எல்லாமே அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தின் மேல் நடந்தவை. இதை மறந்துவிட்டுப் படித்தால் ஏதோ ஆளில்லாத காட்டுக்குப் போய்க் குடியேறியதுபோலத் தோன்றிவிடும்.

'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை நடைமுறையில் எப்படி வேலை செய்தது?

வெள்ளையர் அல்லாதவர்களைக் குடியேற விடாமல் தடுப்பதுதான் இந்தக் கொள்கை. ஆனால் 'கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை' என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. 1901-இல் ஆறு குடியேற்றப் பகுதிகளும் சேர்ந்து ஒரே நாடானதும், புதிய நாடாளுமன்றம் இயற்றிய முதல் சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதில் சொல்லப்பட்டதெல்லாம் ஒரு தேர்வு. அதிகாரி 50 சொற்கள் கொண்ட ஒரு பத்தியைப் படிப்பார், வந்திறங்கியவர் அதை எழுத வேண்டும். நம் பள்ளிக்கூடத்துச் சொல்வதெழுதுதல்தான். எந்த ஐரோப்பிய மொழியில் வேண்டுமானாலும் தேர்வு வைக்கலாம், மொழியைத் தேர்ந்தெடுப்பது அதிகாரி. ஆங்கிலம் தெரிந்தவர் வந்தால் பிரெஞ்சு, பிரெஞ்சும் தெரிந்தால் வேறொன்று. 1909-க்குப் பிறகு அதில் தேறியவர் யாரும் இல்லை.

இதன் உச்சக்கட்டக் கூத்து 1934-இல் நடந்தது. எகோன் கிஷ் என்ற இடதுசாரி எழுத்தாளர், பிராக் நகரைச் சேர்ந்தவர், நாஜிகளுக்கு எதிராகப் பேச வந்தார். கப்பலை விட்டு இறங்க அனுமதி மறுத்ததும் மெல்பர்ன் துறைமுகத்தில் மேல்தளத்திலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். அவருக்கோ பல ஐரோப்பிய மொழிகள் தெரியும். யோசித்துப் பார்த்த அதிகாரிகள் ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. அந்தச் சட்டம் சொல்லும் பொருளில் அது ஐரோப்பிய மொழி ஆகாது என்று தீர்ப்பு வந்து, தேர்வு செல்லாமல் போயிற்று. ஆனால் தேர்வு முறை மட்டும் 1958 வரை நீடித்தது.

நிறவெறி மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் கதை முழுமையாகாது. குறைந்த கூலிக்கு ஆள் வந்தால் தங்கள் சம்பளம் போய்விடும் என்ற தொழிற்சங்கங்களின் பயமும் அதில் கலந்திருந்தது. தங்க வேட்டைக் காலத்திலேயே இதற்கு ஒத்திகை நடந்துவிட்டது. 1855-இல் விக்டோரியா, வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் தலைக்குப் பத்து பவுண்டு வரி போட்டது. சீனர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பக்கத்து மாகாணமான தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் என்ற சிறு துறைமுகத்தில் இறங்கி, 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே தங்க வயல்களுக்குப் போனார்கள். அப்படி நடந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

அந்தக் காலத்தில் இந்தியர்களோ இலங்கையரோ அங்கே இருந்தார்களா?

இருந்தார்கள், ஆனால் தமிழர்களைத் தேடினால் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 1860 முதல் ஒட்டகங்களோடு போனவர்கள் பெரும்பாலும் இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிக்காரர்கள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எல்லாரையும் 'ஆப்கானியர்' என்றே அழைத்தார்கள். ரயிலும் சாலையும் இல்லாத நடுப்பகுதிக்கு மாவும் தேயிலையும் கம்பியும் சுமந்துபோனது அவர்களுடைய ஒட்டகங்கள்தான். அடிலெய்டிலிருந்து டார்வின் போகும் 'கான்' ரயிலின் பெயர் அவர்களை ஒட்டியது. பஞ்சாபிகள் கிராமம் கிராமமாகத் துணி விற்றார்கள். பின்னாளில் நியூ சவுத் வேல்ஸின் வுல்கூல்கா என்ற ஊரில் வாழைத் தோட்டம் போட்டுச் செழித்தார்கள். 1882-இல் இலங்கையிலிருந்து சில நூறு பேர் குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள்.

தமிழ்நாட்டோடு நேரான தொடர்பு ஒன்று உண்டு, நம்மூரில் அதிகம் பேசப்படாதது. கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1922-இல் ஆஸ்திரேலியா முழுக்கச் சுற்றுப்பயணம் செய்தார். புதிதாக ஆட்களை விடச் சொல்லி அவர் கேட்கவில்லை. ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் இந்தியர்களும் பிரிட்டிஷ் குடிமக்கள்தானே, அவர்களுக்கு ஏன் ஓட்டுரிமை இல்லை என்று கேட்டார். அவருடைய ஆங்கிலப் பேச்சைக் கேட்கக் கூட்டம் கூடியது. 1925-இல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அங்கிருந்த பிரிட்டிஷ் இந்தியர்களுக்குக் கிடைத்தது. மிதவாதி என்று அவரைக் கேலி செய்பவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் அவருடைய மிதவாதம் வேலை செய்தது என்பது என் கருத்து.

பிறகு 1945-க்கு மேல் ஏன் திடீரென்று ஆள் தேட ஆரம்பித்தார்கள்?

பயம், பிறகு ஆள் பற்றாக்குறை. 1942 பிப்ரவரியில் ஜப்பானிய விமானங்கள் டார்வின் நகரில் குண்டு போட்டன. இவ்வளவு பெரிய கண்டத்தில் எழுபத்தைந்து லட்சத்துக்கும் குறைவான மக்களை வைத்துக்கொண்டு எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்வி அப்போது எழுந்தது. போர் முடிந்ததும் வீடு கட்ட, அணை கட்ட, எஃகு உருக்க ஆள் தேவைப்பட்டது. 1945-இல் குடியேற்றத்துக்கென்றே தனி அமைச்சகம் வந்தது. அதன் முதல் அமைச்சர் ஆர்தர் கால்வெல். ஆண்டுக்கு மக்கள்தொகையில் ஒரு விழுக்காடு ஆட்களைக் குடியேற்றத்தால் சேர்க்க வேண்டும் என்பது இலக்கு.

அவர் மனத்தில் இருந்தது பிரிட்டிஷ்காரர்கள். அவர்கள் போதிய அளவு கிடைக்கவில்லை. ஐரோப்பிய முகாம்களிலோ போரில் நாடிழந்தவர்கள் லட்சக்கணக்கில் காத்திருந்தார்கள். 1947 நவம்பர் 28 அன்று 'ஜெனரல் ஸ்டூவர்ட் ஹைன்ட்சல்மன்' என்ற கப்பல் லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியாவைச் சேர்ந்த 843 பேரோடு மேற்குக் கரையில் ஃபிரீமாண்டில் வந்து சேர்ந்தது. எல்லாரும் இளைஞர்கள், திருமணமாகாதவர்கள், பெரும்பாலும் பொன்னிற முடிக்காரர்கள். நாட்டு மக்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று பார்த்துப் பொறுக்கி எடுத்த முதல் தொகுதி அது. பத்திரிகைகளில் படம் போட்டுக் காட்டினார்கள். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் இப்படி நாடிழந்தவர்கள் ஏறத்தாழ 1,70,000 பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் டச்சுக்காரர், ஜெர்மானியர், இத்தாலியர், கிரேக்கர், யூகோஸ்லாவியர்.

பத்து பவுண்டுக்குக் கப்பல் டிக்கெட் கொடுத்தார்களாமே?

பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்குப் பத்து பவுண்டு, குழந்தைகளுக்கு இலவசம். நிபந்தனை ஒன்றே ஒன்று: இரண்டு ஆண்டு இருக்க வேண்டும், முன்பே திரும்பினால் முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். 1945-க்கும் 1972-க்கும் இடையில் பத்து லட்சம் பேருக்கு மேல் இப்படி வந்தார்கள். பின்னாளில் பிரதமரான ஜூலியா கில்லார்ட் 1966-இல் வேல்ஸிலிருந்து குடும்பத்தோடு வந்த குழந்தை.

வெயிலும் கடற்கரையும் விளம்பரத்தில் இருந்தன. தகரக் கூரை விடுதி விளம்பரத்தில் இல்லை. நான்கில் ஒருவர் திரும்பிப் போய்விட்டதாகக் கணக்கிடுகிறார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் லண்டன் மழையைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்கே கிளம்பிவிட்டார்கள்.

போனகில்லா என்ற பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. அங்கே என்ன நடந்தது?

விக்டோரியாவின் வடக்கு எல்லையில், வடோங்கா நகருக்குப் பக்கத்தில், ஹியூம் ஏரிக்கரையில் ஒரு பழைய ராணுவ முகாம். 1947 முதல் 1971 வரை அதுதான் புதிதாக வந்தவர்களின் முதல் முகவரி. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் வழியாகப் போயிருக்கிறார்கள். மெல்பர்ன் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியவர்களை அங்கேயே நின்ற ரயிலில் ஏற்றி நேராகக் கொண்டுவந்தார்கள். ஊரையே பார்க்காமல் பல மணி நேரம் காய்ந்த புல்வெளி. மரத்தையும் வீட்டையும் தேடித் தேடிப் பார்த்ததாகப் பிறகு பலர் சொன்னார்கள்.

இறங்கியதும் பதிவு, மருத்துவப் பரிசோதனை. ஆளுக்கு ஓர் அடையாள அட்டை. கட்டில், ராணுவக் கம்பளி, தட்டு, கோப்பை. மரச்சட்டத்தில் தகரம் அடித்த நீளக் கொட்டகைகள், தொடக்கத்தில் உள்பக்கம் பலகைகூட அடிக்கவில்லை. கோடையில் அடுப்புபோலக் கொதிக்கும், குளிர்காலத்தில் விடிகாலையில் கைகால் விறைக்கும். ஆரம்ப ஆண்டுகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கொட்டகை. கணவன் மனைவியானாலும் அதேதான். கம்பளியைக் குறுக்கே கட்டித் தடுப்பாக்கிக்கொண்டார்கள்.

சாப்பாடுதான் எல்லாருடைய நினைவிலும் முதலில் வருவது. மட்டன். வேகவைத்த மட்டன், வறுத்த மட்டன், மறுநாள் மிச்ச மட்டன். நம்மூர்க்காரர்கள் நாக்கைச் சப்புக்கொட்ட வேண்டாம். மிளகாயும் இல்லை, மசாலாவும் இல்லை, கிழ ஆட்டின் கொழுப்பு வாடை மட்டும் கொட்டகை முழுக்க. பட்டினியிலிருந்து வந்த கிழக்கு ஐரோப்பியர்கள் அளவைப் பார்த்து வியந்தார்கள், சிலர் ரொட்டியைப் பையில் ஒளித்துவைத்தார்கள். பின்னால் வந்த இத்தாலியர்களுக்கு அது தண்டனை. கொட்டகைக்குள் சமைக்கக் கூடாது என்று விதி. ஆனாலும் திருட்டு அடுப்பு மூட்டிப் பாஸ்தா வேகவைத்தவர்கள் இருந்தார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். சிரிக்க முடியாததும் உண்டு. 1949-இல் அங்கே ஊட்டச்சத்துக் குறைவால் 13 குழந்தைகள் இறந்தன. விசாரணை நடந்தது. கப்பலிலேயே நலிந்து வந்த குழந்தைகளைப் பார்க்க முகாம் மருத்துவமனையில் போதிய வசதி இருக்கவில்லை. 1952-இல் பொருளாதாரம் சரிந்து வேலை கிடைக்காமல் மாதக்கணக்கில் முடங்கிய இத்தாலியர்கள் போராடினார்கள், ராணுவத்தை அழைக்கும் அளவுக்குப் போயிற்று. 1961-இலும் அதே கதை. 'வேலை கொடு, இல்லையானால் ஊருக்கு அனுப்பு' என்று கோஷமிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தைத் தாக்கினார்கள். கல் பறந்தது, போலீஸ் வந்தது.

முகாமில் 19-ஆம் பிளாக் என்ற பகுதி இன்னும் நிற்கிறது. 2007-இல் தேசிய பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். தாத்தா பாட்டி படுத்த கட்டிலைப் பார்க்கப் பேரன் பேத்திகள் வருகிறார்கள்.

டாக்டரும் என்ஜினியரும் கூலி வேலை செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. நாடிழந்து வந்தவர்கள் இரண்டு ஆண்டு அரசாங்கம் சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுத்தான் கப்பலேறினார்கள். ஆண்கள் எல்லாரும் 'தொழிலாளி', பெண்கள் எல்லாரும் 'வீட்டு வேலையாள்' என்று பதியப்பட்டார்கள். லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் அறுவை சிகிச்சை செய்தவர் இங்கே மருத்துவமனை வார்டில் தரை துடைப்பார். அவருடைய பட்டம் இங்கே செல்லாது. உள்ளூர் மருத்துவச் சங்கங்கள் அப்படிச் செல்லாமல் பார்த்துக்கொண்டன. இரண்டு ஆண்டு முடிந்த பிறகும் பலர் பழைய தொழிலுக்குத் திரும்பவே இல்லை. மறுபடியும் கல்லூரியில் சேர்ந்து படிக்க வயதும் இல்லை, காசும் இல்லை.

வேலை எங்கே கிடைத்ததோ அங்கே கணவன் போவான். ரயில் பாதை, கரும்பு வெட்டு, செங்கல் சூளை, அணைக்கட்டு. மனைவி, பிள்ளைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி பெனல்லாவிலோ கௌராவிலோ உள்ள காத்திருப்பு முகாமில். மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிர்ஷ்டம்.

இவற்றில் மிகப் பெரியது ஸ்நோயி மலை நீர்மின் திட்டம். 1949-இல் தொடங்கி 1974-இல் முடிந்தது. 16 பெரிய அணைகள், மலையைக் குடைந்து 145 கிலோமீட்டர் சுரங்கம். முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்களைச் சேர்த்து ஒரு லட்சம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட ஜெர்மானியரும் போலந்துக்காரரும் ஒரே சுரங்கத்தில், ஒரே ஷிஃப்ட்டில். சம்பளம் நல்ல சம்பளம். 121 பேர் உயிரோடு திரும்பவில்லை. பல இன மக்கள் ஒற்றுமையாய் வாழும் ஆஸ்திரேலியா அங்கேதான் பிறந்தது என்று பாடப்புத்தகங்கள் பெருமையாக எழுதும். அந்தப் பெருமையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் போகத் தயங்கிய குளிருக்கும் இருட்டுக்கும் ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்களை அனுப்பினார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

இன்று சில விசாக்களில் பெருநகரங்களுக்கு வெளியே மூன்று ஆண்டு இருந்து சம்பாதித்துக் காட்டினால்தான் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். 'உள்ளூர் அனுபவம் இல்லை' என்று சொல்லிச் சென்னை என்ஜினியரைக் கிடங்கில் பெட்டி அடுக்க வைப்பதும் நடக்கிறது. ரீகா டாக்டரின் கதை எங்கோ கேட்ட பழங்கதைபோல நமக்குத் தோன்றாததற்குக் காரணம் இதுதான்.

பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

படங்களில் எப்போதும் சுரங்கத் தொழிலாளிதான் நிற்பார். ஆனால் குடும்பத்தைக் காலூன்ற வைத்ததில் பாதிக்கு மேல் பெண்களின் உழைப்பு. பகலில் ஜவுளி ஆலை, பிஸ்கட் ஆலை, டின்னில் பழம் அடைக்கும் ஆலை. இரவில் வீடு. இத்தாலிய, கிரேக்கக் கிராமங்களிலிருந்து போட்டோவைப் பார்த்து, பதிலாள் வைத்துத் திருமணம் முடித்து, முகம் தெரியாத கணவனைத் தேடிக் கப்பலேறியவர்கள் ஆயிரக்கணக்கில். துறைமுகத்தில் கையில் போட்டோவோடு நின்று, வயதில் பத்து கூடுதலான ஆளைப் பார்த்துத் திகைத்தவர்களும் உண்டு. போட்டோ பழையது.

பின்னால் வியட்நாமியப் பெண்கள் காலத்தில் தையல் மெஷின் வீட்டுக்கே வந்துவிட்டது. ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். பள்ளி விட்டு வந்த பிள்ளை நூல் வெட்டிக் கொடுக்கும்.

ஆங்கிலம் தெரியாததால் டாக்டரிடம் போவதே பெரும்பாடு. எட்டு வயதுப் பையன் அம்மாவின் கர்ப்பப்பைக் கோளாறை டாக்டருக்கு மொழிபெயர்க்க வேண்டிய நிலை வீட்டுக்கு வீடு இருந்தது. 1973-இல் அரசு தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கியது. புலம்பெயர்ந்தோர் வாழ்க்கையை நிஜமாகவே மாற்றிய அரசுத் திட்டம் ஒன்றைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இன்றும் அது நடக்கிறது, தமிழிலும் கிடைக்கும். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது கேளுங்கள்.

சாப்பாட்டையே அவர்கள் மாற்றிவிட்டார்கள் என்பது மிகையா?

கொஞ்சம்கூட இல்லை. 1950-களில் ஆஸ்திரேலிய வீட்டு இரவுச் சாப்பாடு ஒரு துண்டு இறைச்சியும் வேகவைத்த மூன்று காய்கறியும். பூண்டு வாடை வந்தாலே 'வெளிநாட்டான்' என்று பெயர். ஆலிவ் எண்ணெய் வேண்டுமானால் மருந்துக்கடைக்குப் போக வேண்டும், காது வலிக்கு விற்கும் சின்னக் குப்பியில் கிடைக்கும். மதுக்கடைகள் மாலை ஆறு மணிக்கு மூடின. வேலை விட்டதும் ஓடிப்போய் ஒரு மணி நேரத்தில் குடித்துத் தீர்ப்பார்கள். சிட்னியில் இந்த விதி 1955 வரை, மெல்பர்னில் 1966 வரை இருந்தது.

அப்படிப்பட்ட ஊரில் இத்தாலியர்கள் வீட்டின் முன்பக்கப் புல்லைக் கொத்தித் தக்காளி நட்டார்கள். கோடை முடிவில் குடும்பமே கூடித் தக்காளியை அரைத்துப் பாட்டிலில் அடைத்து, பெரிய பீப்பாயில் தண்ணீர் ஊற்றி வேகவைத்து, ஆண்டு முழுக்கச் சாஸ் வைத்துக்கொள்வார்கள். நம் வீட்டு வடகம் போடும் நாளின் ஆரவாரம்தான். மெல்பர்னின் லைகன் தெருவில் எஸ்பிரெஸோ மெஷின்கள் வந்தன. இன்று அதே மெல்பர்ன் தன்னைக் காபி நகரம் என்கிறது. பூண்டுக்கு மூக்கைப் பொத்தியவரின் பேரன் மலேசியாவின் காரமான நூடுல்ஸ் சூப்பான லக்சாவுக்கு வரிசையில் நிற்கிறான்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. சாப்பாட்டை ஏற்றுக்கொண்டது மனிதர்களை ஏற்றுக்கொண்டதாகிவிடாது. பீட்சாவை ரசித்துச் சாப்பிட்டுவிட்டுப் போட்டவரை இழிபெயரால் கூப்பிட்ட காலம் நெடுங்காலம்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

அன்றைய கொள்கை 'கரைந்துவிடு' என்பது. வந்தவர்களுக்கு வைத்த பெயரே 'புதிய ஆஸ்திரேலியர்'. ஆங்கிலம் பேசு, ஊரை மற. ஜொவான்னி ஜான் ஆனான், எலெனி ஹெலன் ஆனாள், ஆசிரியர் வாயில் நுழையவில்லை என்பதற்காக. மதிய டப்பாவில் சலாமி வைத்த ரொட்டி இருந்தால் கேலி. வெஜிமைட் தடவிய வெள்ளை ரொட்டியோடு மாற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். நம் பிள்ளைகள் இட்லிப் பொடியை மறைத்துச் சாப்பிட்டது பிறகு வந்த அத்தியாயம்.

வீட்டு மொழியைக் காப்பாற்றியது வாரக்கடைசிப் பள்ளிகள். கிரேக்கர்கள் தேவாலயத்தை ஒட்டி நடத்திய அந்த வழியில்தான் பிறகு தமிழ்ப் பள்ளிகளும் வந்தன. இன்று நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதலாம்.

வெள்ளை ஆஸ்திரேலியா எப்போது முடிந்தது?

ஒரே நாளில் முடியவில்லை, துருப்பிடித்து உதிர்ந்தது. அமெரிக்க ராணுவத்தில் இருந்த லொரன்சோ கம்போவா என்ற பிலிப்பினோ, ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தவர், 1949-இல் மனைவியோடு சேர அனுமதி மறுக்கப்பட்டார். பிலிப்பைன்ஸ் கொதித்தது. அடுத்த ஆண்டு கொழும்பில் கூடிய மாநாட்டில் பிறந்த கொழும்புத் திட்டத்தின் கீழ் மலாயா, இலங்கை, இந்தியா, இந்தோனேசியாவிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். மலாயாத் தமிழர்களும் அவர்களில் உண்டு. வாடகைக்கு அறை கொடுத்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் முதல்முறையாக ஓர் ஆசியரோடு ஒரே மேசையில் சாப்பிட்டன. அமைச்சர்களின் பேச்சுகளைவிட அந்த மேசைகள் அதிகம் சாதித்தன என்று நினைக்கிறேன்.

1966-இல் ஹோல்ட் அரசு விதிகளைத் தளர்த்தியது. 1973-இல் விட்லம் அரசு இன அடிப்படையை அடியோடு எடுத்தது. 1975-இல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம்.

படகில் வந்தவர்களின் கதை எங்கே தொடங்குகிறது? அதில் தமிழர்கள்?

1976 ஏப்ரலில் வியட்நாமிய இளைஞர்கள் ஐந்து பேர் ஒரு மீன்பிடிப் படகில் டார்வின் வந்தார்கள். வழிகாட்டியது பள்ளிக்கூட அட்லஸிலிருந்து கிழித்த ஒரு தாள். அடுத்த ஆறு ஆண்டுகளில் படகில் வந்தவர்கள் மொத்தம் சுமார் 2,000 பேர். பெரும்பான்மையினர் முகாம்களிலிருந்து விமானத்தில் அழைத்துவரப்பட்டார்கள். சிட்னியின் கப்ரமாட்டாவில் அவர்கள், முதலில் தங்கவைக்கப்பட்ட குடியேறிகள் விடுதிக்குப் பக்கத்திலேயே குடியமர்ந்தார்கள். வாடகை மலிவு, ஆலை அருகில்.

இலங்கையிலிருந்து முதலில் பெருமளவில் வந்தவர்கள் பறங்கியர், அதாவது போர்த்துக்கீசிய, டச்சு வம்சாவளிக் கலப்பினர். 1956-இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு மெல்பர்னை நோக்கி வந்தார்கள். அவர்களையும் தோல் நிறத்தைப் பார்த்து, ஐரோப்பிய வம்சாவளிக்குச் சான்று கேட்டுத்தான் விட்டார்கள். தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் வந்தது 1983 ஜூலைப் படுகொலைக்குப் பிறகு. சிட்னியின் ஹோம்புஷ், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், துங்காபி பகுதிகளில் கடை, கோயில், பள்ளி எல்லாம் எழுந்தன. மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு 1999-இல் குடமுழுக்கு நடந்தது. 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவோர் சுமார் 95,000 பேர்.

பின்னால் படகில் வந்த தமிழர்களுக்கு அந்த வரவேற்பு இல்லை. 1992-இலிருந்து அனுமதியின்றி வருபவர்களைக் கட்டாயம் தடுத்துவைக்கும் சட்டம் இருக்கிறது. குவீன்ஸ்லாந்தின் பிலோயெலா என்ற சிற்றூரில் இறைச்சி ஆலை வேலைக்குத் தமிழர்கள் போனார்கள். உள்ளூரில் ஆள் கிடைக்காத வேலை. 2018 மார்ச்சில் விடிகாலையில் அங்கிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள், இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு. கிறிஸ்துமஸ் தீவில் வைத்திருந்தார்கள். அவர்களுக்காக நான்கு ஆண்டு போராடியது அந்த ஊரின் சாதாரண வெள்ளைக்கார மக்கள். ஆட்சி மாறிய பிறகு 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. மாட்டுப்பண்ணைகளும் நிலக்கரியும் சூழ்ந்த, முற்போக்கு அரசியலுக்குப் பெயர்போகாத ஊர் அது. கூட வேலை பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் சிநேகிதி என்ற அறிமுகம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

எங்கள் குடும்பத்துக் கதையை எழுதிவைக்க ஆசை. எங்கே தொடங்குவது?

பெரியவர்களிடம் 'ஏன் வந்தீர்கள்' என்று கேட்காதீர்கள். பத்திரிகைப் பேட்டிபோல ஒரு பதில் வரும். முதல் வாடகை எவ்வளவு, பாத்திரம் எங்கே வாங்கினீர்கள், தேங்காய்க்கு என்ன செய்தீர்கள், முதல் சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, வான்கடிதம், கப்பலானால் பயணச்சீட்டு எதையும் தூக்கிப்போடாதீர்கள். படங்களின் பின்னால் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை தாளில் ஊறிவிடும்.

கான்பராவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய ஆவணக்காப்பகத்தில் பயணிகள் பட்டியல், குடியேற்றக் கோப்புகள், போனகில்லா அட்டைகள் எல்லாம் இருக்கின்றன. பெயர் போட்டு இணையத்திலேயே தேடலாம். நம் பெயர்களை அதிகாரிகள் விருப்பத்துக்கு எழுதியிருப்பார்கள், அப்பா பெயர் முன்னால், ஊர் பெயர் குடும்பப் பெயராக, நடுவில் ஓர் எழுத்து குறைவாக. மூன்று நான்கு எழுத்துக்கூட்டில் தேடிப் பாருங்கள். கோப்புகள் பொதுவாக 20 ஆண்டு கழித்துத்தான் பார்வைக்கு வரும் என்பதால், 1980-களில் வந்தவர்களின் தாள்களை இப்போதே கேட்கலாம். மெல்பர்னில் இருப்பவர்கள் பழைய சுங்கக் கட்டடத்தில் உள்ள குடியேற்ற அருங்காட்சியகத்துக்கு வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போங்கள். அங்குள்ள கப்பல் அறை மாதிரிகளைப் பார்த்ததும் கேட்காமலே பேச ஆரம்பிப்பார்கள்.